வாடகை வீட்டில் நிலம் எவ்வளவு, கட்டடம் எவ்வளவு? அமெரிக்க வரிக்கணக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்களுக்கு பிப்ரவரி, மார்ச் வந்தால் ஒரே இடத்தில் சிக்கல் வருகிறது. வரி மென்பொருள் "நிலத்தின் மதிப்பு" என்று ஒரு கட்டத்தைக் காட்டும். அங்கே கை நின்றுவிடும். நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் என்னிடம் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். இது ஃபெடரல் வருமான வரியைப் பற்றியது மட்டும். மாநில வரி விதிகள் சில இடங்களில் மாறும்.

1. வீட்டை ஒரே விலை கொடுத்துத்தானே வாங்கினேன்? அதை எதுக்கு நிலம், கட்டடம்னு பிரிக்கணும்?

கட்டடம் தேயும், நிலம் தேயாது என்பதுதான் வரிச் சட்டத்தின் பார்வை. அதனால் டிப்ரிசியேஷன் என்கிற தேய்மானக் கழிவு கட்டடத்துக்கு மட்டுமே உண்டு. குடியிருப்பு வாடகை வீடு என்றால் கட்டடத்தின் அடக்கவிலையை 27.5 ஆண்டுகளில் சமமாகக் கழிக்க வேண்டும். கடை, அலுவலகம் மாதிரியான கட்டடங்களுக்கு 39 ஆண்டுகள். நிலத்துக்குக் கழிவே கிடையாது. அதன் விலை நீங்கள் விற்கும் நாள் வரை கணக்கில் அப்படியே இருக்கும்.

வீடு 1950-ல் கட்டியதா, போன வருடம் கட்டியதா என்பது பொருட்டில்லை. உங்கள் கையில் அது வாடகைக்குத் தயாரான நாளிலிருந்து புதிதாக 27.5 ஆண்டுகள் ஓடும். வாடகைக்குத் தயாரான நாள் என்றால் விளம்பரம் கொடுத்து ஆள் வந்தால் குடிவைக்கலாம் என்ற நிலை. குடித்தனக்காரர் உள்ளே வந்த நாள் அல்ல.

2. எந்த விலையைப் பிரிக்கிறது? க்ளோசிங்ல, அதாவது வீடு கைமாறின அன்னிக்கு, கொடுத்ததெல்லாம் சேருமா?

பிரிக்க வேண்டியது உங்கள் 'பேசிஸ்', அதாவது வரிக்கணக்கில் உங்கள் அடக்கவிலை. வாங்கிய விலையோடு, சொத்தை வாங்குவதற்காகச் செய்த செலவுகள் சேரும்: டைட்டில் இன்சூரன்ஸ் (உரிமைக் காப்பீடு), வக்கீல் கட்டணம், பதிவுக் கட்டணம், சர்வே, டிரான்ஸ்ஃபர் டேக்ஸ். விற்றவர் கட்டவேண்டிய சொத்து வரியை நீங்கள் கட்டி, அவர் திருப்பித் தரவில்லை என்றால் அதுவும் சேரும்.

கடன் வாங்குவதற்காகச் செய்த செலவுகள் இதில் சேராது. பாயிண்ட்ஸ் (கடனுக்காக முன்கூட்டிக் கட்டும் வட்டி), வங்கி கேட்டதற்காக எடுத்த அப்ரைசல் (சொத்து மதிப்பீடு) கட்டணம், கடனுக்கான காப்பீடு எல்லாம் கடன் கணக்கு. முன்கூட்டிக் கட்டிய வீட்டுக் காப்பீடும் அடக்கவிலையில் வராது. க்ளோசிங் அறிக்கையை வரிவரியாகப் பார்த்துப் பிரிப்பது அரை மணி நேர வேலை. அதை வாங்கிய வருடத்திலேயே செய்துவிடுங்கள்.

3. சரி, எந்த விகிதத்துல பிரிக்கிறது? எல்லாரும் 80-20தான் போடறாங்களே?

80-20 என்று எந்த விதியும் இல்லை. யாரோ ஒருவர் வசதிக்காகப் போட்டது பரவிவிட்டது. ஒரு சிற்றூரில் 80-20 உண்மைக்கு அருகில் இருக்கலாம். மனை விலை மிக அதிகமான சான் ஹோசேயில் அது நகைச்சுவை.

விதி சொல்வது எளிமையானது. வாங்கிய நாளில் மொத்தச் சொத்தின் சந்தை மதிப்பில் கட்டடத்தின் பங்கு எவ்வளவோ, உங்கள் அடக்கவிலையிலும் அதே பங்குதான் கட்டடத்துக்கு. சந்தை மதிப்பு சரியாகத் தெரியவில்லை என்றால் சொத்து வரிக்காகக் கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) போட்டிருக்கும் நில, கட்டட மதிப்புகளின் விகிதத்தைப் பயன்படுத்தலாம் என்று ஐ.ஆர்.எஸ். என்கிற ஃபெடரல் வரித்துறை தன் 527, 551 எண் வெளியீடுகளிலேயே சொல்லியிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். இலவசம், அரசு ஆவணம், நீங்கள் எழுதியதும் அல்ல. தணிக்கை வந்தால் 'இந்த எண் எங்கிருந்து வந்தது' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குக் காட்டக் காகிதம் இருக்கிற எண்தான் நல்ல எண்.

4. கவுண்டி போட்டிருக்கிற மதிப்பு நான் வாங்கின விலையில பாதிதான். அதை வெச்சு எப்படிக் கணக்கு போடறது?

கவுண்டியின் டாலர் தொகை உங்களுக்குத் தேவையில்லை. விகிதம்தான் தேவை. இதில்தான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். கவுண்டி சொன்ன நில மதிப்பை வாங்கிய விலையிலிருந்து நேரடியாகக் கழித்துவிட்டு, மீதி எல்லாம் கட்டடம் என்று போட்டுவிடுகிறார்கள். அது தவறு.

ஓர் உதாரணம். விலை 4,00,000 டாலர், அடக்கவிலையில் சேரும் க்ளோசிங் செலவு 6,000, ஆக 4,06,000. கவுண்டி பதிவில் நிலம் 60,000, கட்டடம் 1,80,000, மொத்தம் 2,40,000. கட்டடத்தின் பங்கு 75 சதவீதம். 4,06,000-ல் 75 சதவீதம் 3,04,500. இதுதான் தேய்மானத்துக்கான தொகை. மீதி 1,01,500 நிலம். 3,04,500-ஐ 27.5-ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 11,073 டாலர். முதல் வருடம் மட்டும் குறையும். வாடகைக்குத் தயாரான மாதத்தை அரை மாதமாக எண்ண வேண்டும். ஜூலையில் தயார் என்றால் ஐந்தரை மாதம், சுமார் 5,075 டாலர். மென்பொருளே இதைப் போட்டுவிடும். அது தேய்மானத்துக்கான படிவம் 4562 வழியாக, வாடகை வரவு செலவு காட்டும் ஷெட்யூல் ஈ-க்குப் போகும்.

ஜார்ஜியாவில் சந்தை மதிப்பில் 40 சதவீதத்தைத்தான் வரி மதிப்பாக எடுப்பார்கள். மிச்சிகனில் 50 சதவீதம். நியூ ஜெர்சியில் சில ஊர்களில் மறுமதிப்பீடு நடந்தே பல காலம் ஆகியிருக்கும். நிலமும் கட்டடமும் ஒரே அளவில் சுருங்கியிருக்கிற வரை விகிதம் கெடாது.

5. எந்த வருஷத்து பில்லைப் பார்க்கணும்? எங்க பில்லுல எக்ஸெம்ப்ஷன் எல்லாம் கழிச்சு ஒரே ஒரு தொகைதான் இருக்கு.

வாங்கிய நாளுக்கு மிக அருகில் உள்ள மதிப்பீட்டைப் பாருங்கள். 2016-ல் வாங்கிய வீட்டுக்கு இந்த வருட விகிதத்தை எடுத்தால் இடையில் நிலம் ஏறிய ஏற்றம் முழுக்க உள்ளே வந்துவிடும். பெரும்பாலான கவுண்டி இணையதளங்களில் முகவரியை அல்லது பார்சல் எண்ணைக் கொடுத்தால் பழைய ஆண்டுகளின் மதிப்புகளும் வரும். டெக்சஸில் இதைக் கவுண்டி அலுவலகத்தில் தேடாதீர்கள். சொத்து மதிப்பீட்டுக்கான தனி அமைப்பான அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் தளத்தில் இருக்கும்.

எக்ஸெம்ப்ஷன், அதாவது விலக்கு, கழித்த தொகை வேண்டாம். அதற்கு மேலே நிலம், கட்டடம் என்று தனித்தனியாகச் சந்தை மதிப்பு காட்டும் பகுதி இருக்கும், அதை எடுங்கள். சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கான ஹோம்ஸ்டெட் வரம்பு மாதிரியான சலுகைகள் மொத்தத் தொகையைத்தான் குறைக்கின்றன. அந்தப் பக்கத்தை அன்றைக்கே பிடிஎஃப்-ஆகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். தளங்கள் மாறுகின்றன, பழைய ஆண்டுகள் சில நேரம் காணாமல் போய்விடுகின்றன.

6. கலிஃபோர்னியாவுல நிலமே 70 சதவீதம்னு கவுண்டி சொல்லுது. கட்டடத்துக்கு ஒண்ணுமே மிஞ்சலை. இது அநியாயம் இல்லையா?

அநியாயமாகத் தோன்றுவது புரிகிறது. ஆனால் ஃப்ரீமாண்டில் பழைய மூன்று படுக்கையறை வீட்டுக்கு லட்சக்கணக்கில் டாலர் கொடுப்பவர் அந்த மரச் சுவர்களுக்காகவா கொடுக்கிறார்? அதே வீட்டை ஒஹாயோவில் நிறுத்தினால் என்ன விலை போகும் என்று யோசித்துப் பாருங்கள். வித்தியாசத்தில் பெரும்பகுதி மண்ணுக்கு.

கலிஃபோர்னியாவில் ஒரு வசதி உண்டு. 1978-ன் ப்ரொபொசிஷன் 13 காரணமாக, கைமாறும்போது சொத்து அன்றைய சந்தை மதிப்பில் மறுமதிப்பீடு ஆகும். அதன்பின் ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறும். ஆகவே கவுண்டி மொத்தம் நீங்கள் கொடுத்த விலைக்கு அருகிலேயே இருக்கும், வாங்கிய காலத்து விகிதமும் பொதுவாக அப்படியே தங்கியிருக்கும். பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் பழைய விகிதத்தைக் கண்டுபிடிக்கலாம்.

கவுண்டி விகிதம் கடைசி வார்த்தை அல்ல, அதைவிட நல்ல ஆதாரம் இருந்தால் மாற்றலாம். ஆனால் ஆதாரம் உண்மையிலேயே நல்லதாக இருக்க வேண்டும். 2017-ல் வரி நீதிமன்றம் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி வாடகை வீடுகள் பற்றிய ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. உரிமையாளர்கள் தாங்களே கணித்த மதிப்பைப் போட்டிருந்தார்கள். ஐ.ஆர்.எஸ். கவுண்டி அசெஸ்ஸரின் (சொத்து மதிப்பீட்டு அதிகாரியின்) விகிதத்தைப் போட்டது. நீதிமன்றம் அசெஸ்ஸர் பக்கம் நின்றது. அது சிறு வழக்குகளுக்கான முறையில் வந்த தீர்ப்பு, முன்னுதாரணமாகக் காட்ட முடியாது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டுகிறது.

கவுண்டியை எதிர்க்க வேண்டும் என்றால் உரிமம் பெற்ற அப்ரைசரிடம் வாங்கிய தேதிக்கான மதிப்பீட்டை, நிலமும் கட்டடமும் தனித்தனியாக, எழுதி வாங்குங்கள். பக்கத்தில் காலி மனை விற்ற விலைகளும், இடித்துக் கட்டவே வாங்கப்பட்ட பழைய வீடுகளின் விலைகளும் அதற்குத் துணை. அப்ரைசர் நிலத்தின் பங்கு கவுண்டி சொன்னதைவிட அதிகம் என்று சொல்லிவிடவும் வாய்ப்பு உண்டு. பணம் கொடுத்து அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள்.

7. இன்சூரன்ஸ் பாலிசியில கட்டடத்துக்கு 5 லட்சம் டாலர்னு போட்டிருக்கு. அதையே எடுத்துக்கலாமா?

நேரடியாக எடுக்க முடியாது. வீடு எரிந்துபோனால் இன்றைய கூலிக்கும் மரவிலைக்கும் புதிதாகக் கட்ட ஆகும் செலவு அது. உங்களுடையது முப்பது வருடப் பழைய வீடு. புதுக் கட்டடத்தின் விலையைப் பழைய கட்டடத்தின் மேல் ஒட்டினால் சில இடங்களில் கட்டட மதிப்பு நீங்கள் கொடுத்த மொத்த விலையையே தாண்டிவிடும். நிலம் இலவசமாகவா வந்தது?

வயதுக்கேற்ற தேய்வைக் கழித்துவிட்டால் அது ஒரு நியாயமான முறைதான். அப்ரைசர்கள் செய்வதும் அதைத்தான். ஆனால் எவ்வளவு கழிப்பது என்பதை நீங்களே முடிவு செய்தால் 6-ஆம் கேள்வியில் சொன்ன உரிமையாளர்களின் நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

8. லோன் எடுக்கும்போது பேங்க் ஒரு அப்ரைசல் எடுத்துச்சே, அது உதவுமா?

பலர் மறந்துவிடும் நல்ல ஆதாரம் இதுதான். தனி வீட்டுக்குப் பொதுவாகப் பயன்படுத்தி வந்த 1004 எண் அப்ரைசல் படிவத்தில் 'காஸ்ட் அப்ரோச்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் மனையின் மதிப்பு ஒரு வரியில், புதிதாகக் கட்டும் செலவு, அதிலிருந்து கழித்த தேய்வு, மிஞ்சும் கட்டட மதிப்பு என்று தனித்தனியாக இருக்கும். மூன்றாம் நபர் போட்டது, வாங்கிய நாளை ஒட்டியது, உங்கள் வரிக்காக எழுதப்படாதது. இதைவிட என்ன வேண்டும்?

சில அறிக்கைகளில் அந்தப் பகுதி காலியாக இருக்கும், ஏனென்றால் கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை. இருந்தால் கவுண்டி விகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அருகருகே இருந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு, இன்னொன்றையும் கோப்பில் வையுங்கள். வெகுதூரம் விலகியிருந்தால் ஏன் என்று பாருங்கள். கவுண்டி பதிவில் வீட்டின் பரப்பளவு தவறாக இருப்பதும், பின்னால் சேர்த்த அறை பதிவில் ஏறாமல் இருப்பதும் உண்டு.

9. எங்களுது காண்டோ. எங்களுக்குன்னு நிலமே இல்லையே, நூறு சதவீதம் கட்டடம்னு போடலாமா?

போட முடியாது. காண்டோ வாங்கும்போது உள்ளே இருக்கும் வீட்டோடு பொதுச் சொத்தில் ஒரு பங்கும் வாங்குகிறீர்கள். அந்தப் பொதுச் சொத்தில் நிலமும் அடக்கம். பெரும்பாலான கவுண்டிகள் காண்டோவுக்கும் நில மதிப்பைத் தனியே காட்டும்.

கவுண்டி நிலம் பூஜ்ஜியம் என்று காட்டினால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ள வேண்டாம். மொத்த மனையின் மதிப்பைத் தேடி, உங்கள் பத்திரத்தில் இருக்கும் பங்கு சதவீதத்தால் பெருக்குங்கள். பல மாடிக் கட்டடங்களில் ஒரு வீட்டுக்கு விழும் நிலப் பங்கு சிறியதாகவே வரும், வந்ததைப் போடுங்கள். கோ-ஆப் என்றால் கதை வேறு. அங்கே நீங்கள் வைத்திருப்பது கட்டடத்தின் உரிமையாளரான நிறுவனத்தின் பங்குகள், கணக்கு முறையும் வேறு.

10. நாங்க குடியிருந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டுப் புது வீட்டுக்கு வந்துட்டோம். இன்னிக்கு விலை இரண்டு மடங்கு ஆயிடுச்சு. அதை வெச்சுத் தேய்மானம் எடுக்கலாமா?

முடியாது. வாடகைக்கு மாற்றிய நாளில் அடக்கவிலை, சந்தை மதிப்பு இரண்டில் எது குறைவோ அதுதான். விலை ஏறியிருந்தால் உங்கள் பழைய அடக்கவிலை. இறங்கியிருந்தால் இறங்கிய விலை.

2014-ல் 3,20,000 டாலருக்கு வாங்கினீர்கள், கட்டடப் பங்கு 80 சதவீதம், அதாவது 2,56,000. குடியிருந்தபோது 30,000 செலவில் சமையலறையைப் புதுப்பித்தீர்கள். அது முழுக்கக் கட்டடத்தில் சேரும், ஆக 2,86,000. 2023-ல் மாற்றும்போது வீட்டின் சந்தை மதிப்பு 5,20,000. குறைவானது அடக்கவிலை, ஆகவே 2,86,000-ஐ 27.5-ஆல் வகுத்து ஆண்டுக்கு 10,400 டாலர். விகிதம் 2014-ன் விகிதம்தான். சந்தை மதிப்பு குறைவாக இருக்கும் நிலையில் மட்டும் மாற்றிய நாளின் நில, கட்டட மதிப்புகள் தேவைப்படும்.

11. வாடகைக்கு விட்ட அப்புறம் ரூஃப் மாத்தினோம், வேலி போட்டோம், ஃப்ரிட்ஜ் வாங்கினோம். இதையும் நிலம், கட்டடம்னு பிரிக்கணுமா?

வேண்டாம். இவற்றில் நிலத்துக்குப் பங்கு கிடையாது. புதுக் கூரை தனிச் சொத்தாக, போட்ட மாதத்திலிருந்து 27.5 ஆண்டுகள் ஓடும். ஏ.சி., ஹீட்டர் முழுதாக மாற்றினாலும் அப்படியே. ஃப்ரிட்ஜ், அடுப்பு, கார்ப்பெட் எல்லாம் 5 ஆண்டுகள். வேலி, டிரைவ்வே, நடைபாதை மாதிரி நிலத்தின்மேல் போட்ட மேம்பாடுகள் 15 ஆண்டுகள்.

வீடு வாங்கும்போதே இருந்த வேலியையும் அடுப்பையும் கட்டடத்திலிருந்து பிரித்து வேகமாகக் கழிக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். கழிக்கலாம், காஸ்ட் செக்ரிகேஷன் என்பது அதுதான். ஒற்றை வீட்டுக்கு, அதுவும் 12-ஆம் கேள்வியில் வரும் வரம்பில் மாட்டியவர்களுக்கு, அந்த ஆய்வுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண் என்பது என் கருத்து.

12. எங்க சம்பளத்துக்கு வாடகை நஷ்டத்தைக் கழிக்கவே முடியாதாம். அப்புறம் எதுக்கு இந்தத் தலைவலி?

நிர்வாகத்தில் நீங்கள் ஈடுபட்டால் வாடகை நஷ்டத்தில் 25,000 டாலர் வரை சம்பளத்தோடு கழிக்கலாம். ஆனால் சரிக்கட்டிய வருமானம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும்போது அது கரைய ஆரம்பித்து ஒன்றரை லட்சத்தில் பூஜ்ஜியம் ஆகிவிடும். 1986-ல் வைத்த வரம்பு, விலைவாசிக்கேற்ப ஏறவே இல்லை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் பல வீடுகள் இதற்கு வெளியேதான்.

அதனால் தேய்மானத்தை விட்டுவிடலாமா? கூடாது. முதலில், அது வாடகை வருமானத்தையே கழிக்கிறது. வட்டி, வரி, பராமரிப்பு போக 8,000 டாலர் லாபம் வருகிறதென்றால், 11,073 டாலர் தேய்மானம் அந்த லாபத்துக்கு வரியே இல்லாமல் செய்துவிடும். மிஞ்சும் 3,073 டாலர் நஷ்டம் அடுத்த ஆண்டுகளுக்குப் போகும், வீட்டை வெளியாளுக்கு முழுதாக விற்கும் வருடத்தில் விடுபடும். இன்னொன்று முக்கியம். நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், எடுத்திருக்க வேண்டிய தேய்மானத்தை எடுத்ததாகவே விற்கும்போது கணக்கிடுவார்கள். கழிவையும் விட்டு, அதற்கான வரியையும் கட்டுவதில் என்ன லாபம்?

13. கட்டடத்தை எவ்வளவு அதிகமாக் காட்டறோமோ அவ்வளவு நல்லதுதானே?

எப்போதும் அல்ல. எடுத்த தேய்மானம் விற்கும்போது திரும்பி வரும். லாபத்தில் அந்த அளவுக்கு அதிகபட்சம் 25 சதவீத விகிதத்தில் வரி. வருமானம் அதிகமுள்ளவர்களுக்கு மேலும் 3.8 சதவீதம் முதலீட்டு வருமான வரியும் விழலாம். வீடு முன்பு உங்கள் குடியிருப்பாக இருந்து, சொந்த வீட்டை விற்ற லாபத்துக்கான 2,50,000 அல்லது 5,00,000 டாலர் விலக்குக்குத் தகுதி இருந்தாலும், எடுத்த தேய்மானத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது.

32, 35 சதவீத வரம்பில் இருந்து இன்றைக்குக் கழிவைப் பயன்படுத்த முடிகிறவருக்குக் கட்டடப் பங்கு கூடுவது லாபம்தான். 12 சதவீத வரம்பில் இருப்பவருக்கு அவ்வளவாக இல்லை. மிகைப்படுத்தினால் அபராதமும் உண்டு. கணக்கில் காட்டிய மதிப்பு சரியான மதிப்பில் 150 சதவீதம் அல்லது அதற்கு மேல் போய், அதனால் குறைந்த வரி 5,000 டாலரைத் தாண்டினால் குறைந்தது 20 சதவீதம் அபராதம். நிலப் பங்கு 60 சதவீதம் உள்ள ஊரில் 80-20 போட்டால் கட்டடத்தை இரு மடங்காகக் காட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

14. நிலத்துக்கு விழற ப்ராப்பர்ட்டி டேக்ஸைக் கழிக்க முடியாதா? நான் போடற விகிதத்தைப் பார்த்துக் கவுண்டி வரியை ஏத்திடுமா?

இரண்டுக்கும் இல்லை. வாடகை வீட்டின் சொத்து வரி முழுதும், நிலம் உட்பட, ஷெட்யூல் ஈ-யில் கழியும். சொந்த வீட்டு வரிக்கு இருக்கும் சால்ட் (மாநில, உள்ளூர் வரிக் கழிவு) உச்சவரம்பும் இதற்கு இல்லை. கவுண்டி உங்கள் வருமான வரிப் படிவத்தைப் பார்த்து மதிப்புப் போடுவதில்லை.

15. மூணு வருஷமா நிலத்தையும் சேர்த்து மொத்த விலைக்கும் தேய்மானம் எடுத்துட்டோம். இப்ப என்ன செய்யறது?

ஒரே ஒரு வருடப் படிவம்தான் தவறு என்றால் 1040-எக்ஸ் போட்டுத் திருத்தலாம். தொடர்ந்து இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட படிவங்களில் அதே தவறு என்றால் அது உங்கள் கணக்குமுறை ஆகிவிடுகிறது. அதை மாற்றப் படிவம் 3115 தேவை. தேய்மானத்தையே எடுக்காமல் விட்டவர்களுக்கும் இதே பாதைதான், அவர்களுக்கு நல்ல சேதி: விட்டுப்போனது முழுவதையும் மாற்றும் வருடத்திலேயே எடுக்கலாம். அதிகமாக எடுத்தவர்களுக்குத் திருப்பிச் சேர்க்கும் தொகை பொதுவாக நான்கு ஆண்டுகளில் பரவும்.

3115-ஐ நீங்களே நிரப்ப முயல வேண்டாம். அதைப் போட்டுப் பழகிய சி.பி.ஏ. (ஆடிட்டர்) அல்லது ஐ.ஆர்.எஸ். உரிமம் பெற்ற வரி ஆலோசகரான என்ரோல்டு ஏஜென்ட்டிடம் போங்கள். "3115 எத்தனை போட்டிருக்கிறீர்கள்?" என்று முதலிலேயே கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

16. பழைய வீட்டோட வாங்கி, கொஞ்ச நாள் வாடகைக்கு விட்டு, இடிச்சுட்டுப் புதுசாக் கட்டினோம். பழைய கட்டடத்தோட மிச்சம் நஷ்டமாக் கழியுமா?

கழியாது. இடிக்கும் செலவும், பழைய கட்டடத்தில் இன்னும் கழியாமல் இருந்த அடக்கவிலையும் நிலத்தில் சேர்ந்துவிடும். அதாவது விற்கும் வரை தூங்கும். புதுக் கட்டடத்தின் கட்டுமானச் செலவு மட்டும் 27.5 ஆண்டுகளில் கழியும். இடிக்கத்தான் போகிறோம் என்று தெரிந்து வாங்குபவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.

17. சென்னையில ஒரு ஃப்ளாட் வாடகைக்கு விட்டிருக்கேன். ஊர்ல ஆடிட்டர் தேய்மானமே கிடையாதுங்கறார். அமெரிக்காவுல?

உங்கள் ஆடிட்டர் சொன்னது இந்திய வரிக்குச் சரி. அங்கே வீட்டு வாடகை வருமானத்தில் 30 சதவீதம் நேரடிக் கழிவு கொடுத்துவிடுகிறார்கள், தனியாகத் தேய்மானம் இல்லை. அமெரிக்கப் படிவத்தில் அந்த 30 சதவீதம் செல்லாது, இங்கே தேய்மானம் எடுக்க வேண்டும். வெளிநாட்டுச் சொத்துக்கு 27.5 ஆண்டு இல்லை. 2018 முதல் வாடகைக்கு வந்ததென்றால் 30 ஆண்டுகள், அதற்கு முன் என்றால் 40 ஆண்டுகள். அடக்கவிலையை வாங்கிய நாளின் மாற்று விகிதத்தில் டாலராக்கிக்கொள்ளுங்கள்.

நில, கட்டடப் பிரிப்புக்குச் சென்னையில் கவுண்டி இல்லை. ஆனால் உங்கள் கையில் யு.டி.எஸ். இருக்கிறது. பத்திரத்தில் எழுதியிருக்கும் அந்தப் பிரிக்கப்படாத பங்கின் சதுர அடியை, வாங்கிய காலத்தில் அந்தப் பகுதியில் மனை விற்ற விலையால் பெருக்குங்கள். மொத்த விலை 90 லட்சம் ரூபாய், யு.டி.எஸ். 450 சதுர அடி, மனை சதுர அடி 8,000 ரூபாய் என்றால் நிலம் 36 லட்சம், கட்டடம் 54 லட்சம். பழைய முறையில் யு.டி.எஸ்.-க்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று போட்டவர்களுக்குப் பிரிவினை காகிதத்திலேயே இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பத்திரத்தில் நிலம் பெரும்பாலும் வழிகாட்டி மதிப்புக்கு எழுதப்பட்டது. சந்தை விலையைவிடக் குறைவாக இருந்தால் நிலத்தைச் சந்தை விலைக்கு உயர்த்தித்தான் பிரிக்க வேண்டும். 'கறுப்பில்' கொடுத்த பணத்துக்குக் காகிதம் இல்லை, ஆகவே அடக்கவிலையிலும் இடமில்லை.

18. அந்த வீடு அப்பா கொடுத்தது. நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கலை. எனக்கு அடக்கவிலை என்ன?

எப்படிக் கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. அப்பாவின் காலத்துக்குப் பின் உயில் வழியாகவோ வாரிசு உரிமையாகவோ வந்தால், அவர் இறந்த நாளின் சந்தை மதிப்புதான் அமெரிக்கக் கணக்கில் உங்கள் அடக்கவிலை. அப்பா இந்தியாவிலேயே இருந்தவர் என்றாலும் அப்படித்தான். உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தால் அது அன்பளிப்பு, அப்பாவின் அடக்கவிலை அப்படியே உங்களுக்கு வரும். 1985-ல் அவர் சில லட்சத்துக்கு வாங்கிக் கட்டிய வீடு என்றால் உங்கள் தேய்மானம் அந்தச் சில லட்சத்தில் கட்டடப் பங்குக்கு மட்டும். விற்கும்போது லாபமும் பெரிதாகத் தெரியும். செட்டில்மெண்ட் எழுதலாமா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தால் பத்திரம் போடும் முன் இதைப் பேசிவிடுங்கள்.

இந்தியாவில் பழைய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்கவிலையாக எடுக்கும் சலுகை இருக்கிறது. அது மூலதன லாபத்துக்கான இந்திய விதி, ஐ.ஆர்.எஸ். கணக்கில் அதைக் கொண்டுவர முடியாது. வாரிசாக வந்த வீட்டுக்கு, இறந்த நாளுக்கான மதிப்பீட்டைப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் நிலமும் கட்டடமும் தனித்தனியாகக் காட்டும்படி வாங்கிவிடுங்கள். இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தாலும் அந்தப் பழைய தேதிக்கு மதிப்பிட்டுத் தருவார்கள். வருடம் கூடக் கூட அந்தக் காலத்து மனை விலைகளைத் தேடிப் பிடிப்பது கடினமாகும், அவ்வளவுதான்.